இரவுக்கு மடித்துவைத்தவை

கைக்குழந்தை உள்ள வீட்டில் இரவு தொடங்குவது சாயங்காலம், துணி காயும் கொடியில். ஐப்பசி அடைமழையில் திருப்பூரில் எதுவும் முழுதாகக் காயாது. வேட்டித் துண்டு, ஜப்லா, கோவணத் துணி எல்லாம் கையால் தொட்டால் காய்ந்துவிட்டது போலத்தான் தெரியும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். அதைத் தேய்ப்புப் பெட்டியால் போக்கி, ஆறவிட்டு, மகள் படுக்கும் பாயின் வலப்பக்கம் அடுக்குகிறேன். பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் எட்டி எடுக்கிற தூரத்தில் அடுக்கு இருக்க வேண்டும். மடிப்பின் வாய் அவள் பக்கம் பார்த்திருக்க வேண்டும். இருட்டில் விரல் போனால் ஒரு துணிதான் வர வேண்டும். இரண்டு சேர்ந்து வரக் கூடாது.

இரவில் பால் கொடுப்பது பெற்றவள் ஒருத்தியால் ஆகிற காரியம். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த நேரத்தில் அவள் தனியாள். மற்றவர்களின் பங்கு பகலிலேயே முடிந்துவிட வேண்டியது: துணியைக் காயவைப்பது, சொம்பில் தண்ணீர் வைப்பது, விடிவிளக்கைப் படுக்கையிலிருந்து தள்ளி மாட்டுவது. கூடவே விழித்து உட்கார்ந்திருப்பதைவிட இது பெரிய உதவி என்று நினைக்கிறேன். யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு இறுகிவிடும். பால் இறங்க மனசு தளர்ந்திருக்க வேண்டும்.

*

பிள்ளை வாய் வைத்துச் சப்பத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மகள் சொம்புக்குக் கை நீட்டுவாள். பால் இறங்குகிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆக்சிடோசின் என்ற சுரப்பு பாலைப் பீய்ச்சிவிடும் நேரத்திலேயே தாய்க்குத் தொண்டை வறளும், கண் செருகும். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் பகலைவிட இரவில் அதிகம். “ராத்திரி ஒரு தடவை புட்டிப்பால் குடுத்துட்டு நீ தூங்கு சாமி” என்று பிரியமாகச் சொல்கிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்கிறேன். முதல் சில வாரங்களில் பிள்ளை ராத்திரி உறிஞ்சுவதுதான் மறுநாள் பாலுக்கு அச்சாரம்.

இன்னொன்றும் உண்டு. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது. பகல் பாலில் அது இருப்பதே தெரியாத அளவு. பச்சைப் பிள்ளைக்கு இரவு எது, பகல் எது என்று தெரியாது. அதன் உடம்பு தானாகவே அந்தச் சுரப்பைச் சீராகச் சுரக்க இரண்டு மூன்று மாதம் ஆகிறது. அதுவரை இருட்டு வந்துவிட்டது என்ற சேதி அதற்குத் தாயின் பாலில்தான் போகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ராத்திரியில் குழல் விளக்கைப் போட நான் யாரையும் விடுவதில்லை. துணி மாற்ற விடிவிளக்கு வெளிச்சம் போதும்.

பிள்ளை அழுதால் வீட்டுக்கு வருகிற பெண்கள் முதலில் சொல்வது “பால் பத்தலையாட்டம் இருக்குது” என்பதுதான். பெற்றவளை இப்படி ஒடிக்கிற சொல் வேறில்லை. அதைக் கேட்ட மத்தியானம் முழுக்க மகள் பேசவில்லை. பால் போதுமா என்பதைச் சொல்லத் துணி இருக்கிறது. முதல் வாரம் கழிந்த பின் ஒரு நாளில், அதாவது பகலும் இரவும் சேர்த்து, ஆறு துணியாவது நன்றாக நனைந்தால், எடையும் ஏறிக்கொண்டு வந்தால், பால் போதுகிறது. வாளியில் கிடக்கிற ஈரத் துணியை எண்ணிக் காட்டினேன். டயப்பரில் இந்தக் கணக்கு கைக்கு அவ்வளவு தெளிவாகக் கிடைப்பதில்லை. வெளியூர்ப் பயணத்துக்கு டயப்பர் சௌகரியம்தான். முதல் மாதத்து இரவுக்கு வேட்டித் துணியே என் பக்கம்.

*

என் அம்மாயி ரவிக்கை போட்டதில்லை. பின்கொசுவம் வைத்த சீலைதான். பிள்ளை சிணுங்கினால் தோளிலிருந்து சீலையை நகர்த்தினால் போதும், தூக்கத்தை முழுதாக விட வேண்டியதில்லை. அம்மா காலத்தில் முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை வந்தது. கீழிருந்து இரண்டு கொக்கியைக் கழற்றி மேலே ஒதுக்கிக்கொள்வாள். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

மகளுக்கு நைட்டி. மார்புக்கு இருபுறமும் மடிப்புக்குள் மறைத்து ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டி கடையில் மாட்டியிருந்தபோது அழகாகத்தான் இருந்தது. இரவில் பார்த்தால் ஜிப்பின் உலோக நாக்கு சரியாகப் பிள்ளையின் தாடைக்குக் கீழே வந்து நிற்கிறது. பிள்ளை முகத்தை அழுத்தி உறிஞ்சும்போது அது தோலில் பதிகிறது. பால் குடித்து முடித்த கன்னத்தில் பல் பல்லாகச் சிவப்புக் கோடு. ஜிப்பை முழுக்கப் பிரித்தெடுத்தேன். அந்த இடத்தில் ஒரு மடிப்பின் மேல் இன்னொரு மடிப்பு தாராளமாகப் படிகிற மாதிரி பனியன் துணியை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். இப்போது விரலால் விலக்கினால் திறக்கிறது, விட்டால் தானே மூடிக்கொள்கிறது. ஒரு பக்கம் பிள்ளை குடிக்கும்போது மறுபக்கம் தானாக ஒழுகுமே, அதற்கு உள்ளே செருகிக்கொள்ள வேட்டித் துணியை நான்காக மடித்துச் சதுரம் சதுரமாகத் தைத்துவைத்திருக்கிறேன். நைட்டி வடிவமைக்கிறவர்கள் ஒரே ஒரு இரவு பிள்ளை பெற்றவளின் பக்கத்தில் படுத்திருந்தால் அந்த ஜிப்பை வைத்திருக்க மாட்டார்கள்.

*

பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நிறைய வயசு வாழ்ந்தவர்களின் வேட்டியைக் கேட்டு வாங்குவார்கள், ஆயுசு சேரும் என்று. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் வேலை பார்த்த எனக்கு அதற்குத் துணி வழியாகவே ஒரு காரணம் தெரிகிறது. புதுத் துணியில் கஞ்சியும் சாயக்கழிவும் மெருகேற்றும் மருந்தும் மிச்சம் இருக்கும். பலமுறை அலசி அலசி நைந்த வேட்டியில் பருத்தி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஓகோ-டெக்ஸ் சான்றிதழில் 3 வயது வரையிலான பிள்ளைகளின் துணி முதல் வகுப்பில் வரும். ரசாயன வரம்பு மற்றத் துணிகளைவிட அதற்குக் கடுமை. எச்சில் பட்டாலும் சாயம் இறங்கக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. பால் தேடும்போது பிள்ளை முதலில் சப்புவது தன் சட்டைக் கையைத்தான் என்பதைக் கவனித்த யாரோதான் அந்த விதியை எழுதியிருக்க வேண்டும்.

அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளைகளின் இரவு உடையில் மஞ்சள் அட்டை தொங்கும். உடை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் தீப்பிடிக்க வாய்ப்பு அதிகம் என்று அதில் எழுதியிருக்கும். செக்கிங் மேசையில் அந்த அட்டையைப் பல வருஷம் வெறும் அட்டையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு மெர்ச்சண்டைசர் பெண் கதை சொன்னாள். அங்கே தொளதொள இரவு கவுனில் தீப்பற்றிப் பிள்ளைகள் வெந்ததால் 1970களின் தொடக்கத்தில் இரவு உடை எளிதில் எரியக் கூடாது என்று விதி வந்தது. அதற்காகத் துணியில் டிரிஸ் என்ற மருந்தை ஏற்றினார்கள். 1977இல் ஆர்லீன் புளும், புரூஸ் ஏம்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அது புற்றுநோய் தரக்கூடும் என்று எழுதினார்கள். அதே ஆண்டு அந்த மருந்து ஏற்றிய பிள்ளை உடைகளைத் தடை செய்தார்கள். 1996இல் விதியைத் திருத்தி, உடம்போடு ஒட்டிய உடைக்கும் 9 மாதம் வரையிலான அளவுகளுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். நெருப்புக்குப் பயந்து பூசிய மருந்தே பிள்ளையின் தோல் வழியாக உள்ளே போனது என்பதை நான் மறக்கவே முடியாமல் வைத்திருக்கிறேன். அதன் பிறகு அளவு நாடாவை மார்பிலும் தொடையிலும் மணிக்கட்டிலும் வைத்துப் பார்க்கும்போது என் கை நிதானித்தது. எங்கள் வீட்டில் கணப்பு அடுப்பு கிடையாது. கொசுவத்தி இருந்தது. பேத்தி வந்த அன்றைக்கே அதை எடுத்துவிட்டு வலை கட்டினோம்.

ஐரோப்பாவுக்குப் போகிற துணியில் 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கழுத்தில் கயிறு, நாடா எதுவும் கூடாது. நம் ஜப்லாவிலோ கழுத்தில்தான் நாடா. அதையும் பிரித்து, பக்கவாட்டில் சிறிய முடிச்சாக மாற்றினேன்.

டிச் பட்டன் வைத்த ரோம்பரும் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பட்டன் ஒவ்வொன்றும் 90 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும் என்று பல பையர்கள் கேட்பார்கள். ஏறத்தாழ 9 கிலோ எடை தொங்குகிற இழுப்பு அது. தையலில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்தாக வேண்டும். லைன் நின்றுவிடும், எல்லோரும் தரையில் குனிந்து தேடுவோம். கிடைத்த துண்டுகளைச் சேர்த்து முழு ஊசியாக நோட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். முடிவில் எல்லா உடையும் உலோகம் கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் போய் வரும். எந்த ஊர்ப் பிள்ளை, எந்தத் தாய் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. முகம் தெரியாத ஒருத்தியின் நடுராத்திரிக்காகத்தான் அவ்வளவு பேரும் தரையைத் தடவிக்கொண்டிருந்தோம்.

*

தூக்கத்தில் பேத்தி உதட்டைப் பிதுக்குகிறாள், உடனே சிரிக்கிறாள். “இங்க பாரும்மா, நரி வெரட்டுது” என்கிறாள் மகள். அவள் சின்னதில் நான் சொன்னது அது; அவளுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை, ஆனாலும் எங்கிருந்தோ வாயில் வந்துவிட்டது.

பகலில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சீலைத் தொட்டில். இரவில் அது கிடையாது. தாய்க்குப் பக்கத்தில், தனியாக, தட்டையான கெட்டி விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைக்கிறோம். தலையணை இல்லை, மேலே போர்வை இல்லை. மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி அமெரிக்காவில் 1994இல் பெரிய பிரசாரம் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே போய்விடும் பிள்ளைகளின் எண்ணிக்கை அங்கே பாதியாகக் குறைந்தது. குல்லாவைத் தூங்கும்போது கழற்றிவிடுகிறேன். இதில் எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தினமும் வாக்குவாதம். பிள்ளையின் கை கால் சில்லென்று இருக்கிறது என்கிறார். கை கால் எப்போதும் அப்படித்தான் இருக்கும். பிள்ளையின் பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வெதுவெதுப்பு இருந்தால் சட்டை போதும். வேர்த்திருந்தால் ஒன்றைக் குறைக்க வேண்டும்.

படுத்துக்கொண்டு பால் கொடுத்தால் பிள்ளைக்குக் காதில் சீழ் பிடிக்கும் என்று பயமுறுத்தியே எங்களை உட்காரவைத்தார்கள். தூக்கக் கலக்கத்தில் நாற்காலியிலும் சோபாவிலும் பிள்ளையோடு கண்ணயர்வது படுக்கையில் அயர்வதைவிட ஆபத்து என்று குழந்தை மருத்துவர்கள் இன்றைக்குச் சொல்கிறார்கள். மகள் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கிறாள். முடிந்ததும் பிள்ளையைத் தன் விரிப்புக்கு நகர்த்திவிடுகிறாள்.

*

1961இல் வந்த மகப்பேறு நலச் சட்டத்திலேயே பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலைக்கு வரும் தாய்க்குத் தினமும் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை என்று எழுதியிருந்தது. 2017இல் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக்காப்பகம் வேண்டும் என்றார்கள். பீஸ் ரேட்டில் பிசிறு வெட்டுகிற பெண்ணுக்கு இதெல்லாம் பெரும்பாலும் யாரோ சொல்லக் கேட்ட சேதி. ஆறு மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள். அதற்குள்ளேயே அவள் மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். வீதியில் எந்தப் பிள்ளை அழுதாலும் அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனையும். நான் நனைந்திருக்கிறேன். ஏற்றுமதிக்கான சின்னஞ்சிறு சட்டைகளை நெஞ்சோடு அணைத்து ஈரத்தை மறைத்துக்கொண்டு கழிவறைக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு வந்த பெண்கள் எங்கள் லைனில் என்னோடு பலர். அந்தப் பாலுக்கு உரிய பிள்ளை வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். உலகத்துப் பிள்ளைகளுக்கு இரவு உடை தைக்கிற ஊர் இது. தைக்கிறவளின் பிள்ளை தாயின் பாலுக்குக் காத்துக் கிடப்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

*

அடுத்த வீதியில் ஒரு பெண்ணுக்குத் தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஓவர்லாக் டைலர், தாய்வீடு தொலைவு. பார்க்கப் போகிறவர்கள் லேஸ் வைத்த கவுனும் குல்லாவும் வாங்கிக்கொண்டு போவார்கள். மாமனாரின் பழைய வேட்டி இரண்டை நான் எடுத்துவைத்திருக்கிறேன். கொதிநீரில் ஊறவைத்து, வெயில் அடிக்கிற நாளில் காயவைத்து, சதுரமாகக் கிழித்து, ஓரம் அடிக்காமல் கொடுக்க வேண்டும். ஓரத் தையல் பிள்ளையின் இடுப்பில் உறுத்தும். ஜிப்பை எடுத்துவிட்டுத் தைத்த நைட்டி ஒன்றும் அதோடு போகும். அவள் மாமியாரிடம் சொல்ல வேண்டியதையும் யோசித்து வைத்திருக்கிறேன்: ராத்திரி துணியைப் பகலிலேயே மடிச்சுக் கைக்கு எட்டுற பக்கம் வெச்சுருங்க, தண்ணிச் சொம்பு வெச்சுருங்க, பால் பத்தலைன்னு மட்டும் சொல்லிராதீங்க.