ஏழைக்குப் பொறி மட்டும் போதுமா?

1901-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜோலியட் நகரிலே, 6 மாணவர்களுடன் தொடங்கிற்று ஒரு கல்லூரி. இன்று அந்நாடெங்கும் பரவியுள்ள சமுதாயக் கல்லூரிகளின் முன்னோடி அது. பகலெல்லாம் பாடுபடும் ஏழைக்கும் கல்விக் கதவைத் திறந்துவிட்ட வரிசை அது!

2020-இல் கொள்ளைநோய் கதவை அடைத்தது. கணினித் திரையே வகுப்பறையாயிற்று. 2022 நவம்பரில் வந்தது சாட்ஜிபிடி. கேட்ட நொடியிலே கட்டுரை தீட்டித் தருகிறது. நள்ளிரவில் வேலை முடித்துப் படிக்க அமரும் தொழிலாளிக்கு அது துணைதான், மறுப்பாரில்லை.

ஆனால் தோழனே, பொறி பிழையையும் மெய்போலவே உரைக்கும்! ஏன், எப்படி என்று அதனையும் வினவக் கற்றுத்தருபவர் ஆசான். அந்த ஆசான் செல்வர் பிள்ளைக்கு; ஏழைக்குப் பொறி மட்டும் போதும் என்றால், அது அறமாகுமா? பொறி வரட்டும், வரவேற்போம். ஆசானை அகற்றாதே என்போம்!