யார் செய்த தியாகம்?

விருத்திராசுரனை வெல்ல வழியறியாது தவித்த தேவர்கள் ததீசி முனிவரை நாடிச் சென்றனர் என்கின்றன புராணங்கள். அவருடைய எலும்பினால் செய்யப்படும் ஆயுதம் ஒன்றே அசுரனை வீழ்த்தும். முனிவர் மறுக்கவில்லை. யோகத்தில் அமர்ந்து உடலை உகுத்தார். அவரது எலும்பு இந்திரனின் வஜ்ராயுதம் ஆயிற்று. பிறர் நலனுக்காக உடலைத் தருவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் பாரத நாட்டில் இந்தக் கதை நினைவுகூரப்படுகிறது. உடல் தானத்துக்காகப் பாடுபடும் அமைப்புகளும் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டுள்ளன.

புதிய மருத்துவ முறை ஒன்றின் ஆய்வுக்குத் தம் உடலை உட்படுத்துவோரையும் ததீசியோடு ஒப்பிட்டுப் போற்றலாம் என்று தோன்றக்கூடும். கேட்பதற்கு அது இனிமையாகவே இருக்கும். ஆனால் ஒப்பீடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ததீசிக்கு நோய் இல்லை. இந்திரனிடமிருந்து அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. தம்மிடம் கேட்கப்படுவது என்ன, கொடுத்தபின் தமக்கு என்ன நேரும் என்பதை முழுமையாக அறிந்திருந்தார். ஆய்வுக்கு இணங்கும் நோயாளியோ மூச்சுத் திணறலோடு பிழைக்க வழி தேடி வந்தவர். அவர் கொடுப்பது தானமா, அல்லது வேறு வழியற்ற ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுவதா?

இந்தக் கேள்வியைச் சிந்திக்க இந்தியாவிலேயே ஓர் உண்மை நிகழ்வு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில், டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்கும் முயற்சி 1970-களின் பிற்பகுதியில் தொடங்கியது. வெளிநாட்டு வால்வின் விலை பெரும்பாலான இந்திய நோயாளிகளுக்கு எட்டாததாக இருந்தது. முதல் மூன்று வடிவமைப்புகள் தோல்வியுற்றன. நான்காவது நிலைத்தது: கோபால்ட் கலந்த உலோகச் சட்டம், அதனுள் சாய்ந்து சாய்ந்து மூடித் திறக்கும் ஒரு வட்டத் தகடு, இதயத்தோடு சேர்த்துத் தைக்கப் பாலியெஸ்டர் துணி வளையம். அந்தத் தகடு உலோகத்தால் ஆனதல்ல. செயற்கை இடுப்பு மூட்டுகளில் பயன்படும் உறுதியான பிளாஸ்டிக் வகை. இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். அத்தனை முறையும் தகடு தவறாமல் திறந்து மூட வேண்டும். இயந்திரங்களில் கோடிக்கணக்கான சுழற்சிகள் ஓட்டிப் பார்த்தார்கள். பின் ஆடுகளின் உடலில் பொருத்திப் பார்த்தார்கள். (அந்த ஆடுகளிடம் சம்மதம் கேட்க வழியில்லை என்பதும் நினைக்கத்தக்கதே.) 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தில் அது வைக்கப்பட்டது. 1995-இன் தொடக்கம் வரை ஆறு மருத்துவ நிலையங்களில் 306 நோயாளிகள் அந்த ஆய்வில் இடம்பெற்றனர். அதன்பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த வால்வைப் பெற்றுவிட்டார்கள்.

அந்த 306 பேரின் பெயர்கள் பொதுமக்கள் அறிந்தவை அல்ல. அறிய வேண்டியதும் இல்லை. அவர்களைப் போன்ற ஒருவரை மனத்தில் உருவகித்துக் கொள்ளலாம். பலராமபுரத்தில் தறி நெய்யும் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். சிறுவயதில் தொண்டைப் புண்ணும் அதைத் தொடர்ந்து மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்து போயின. வீட்டார் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைத் தழும்பாக்கிவிட்டுச் சென்றது. இருபத்தெட்டு வயதில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெருக்கமான வீடுகளிலும் வறுமையிலும் பெருகுகிற நோய் இது. மருத்துவர் அவரிடம், புதிய வால்வு ஒன்று இருக்கிறது, அதைப் பொருத்திக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கிறார்.

இளைஞர் உடனே தலையை ஆட்டிவிடுவார். அந்தத் தலையசைப்பில் எத்தனை பங்கு சம்மதம், எத்தனை பங்கு அச்சம், எத்தனை பங்கு மருத்துவரைத் தெய்வமாக எண்ணும் பழக்கம்? பக்தி நிறைந்த நாட்டில் இந்த மூன்றாவது மிகவும் வலிமையானது. மருத்துவர் அதைத் தமக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டால் தவறிவிடுவார். அது அவர் தோளில் ஏற்றப்பட்ட சுமை. தம்மைக் கடவுளாக நினைப்பவரிடம் பொய் சொல்வது எளிது. பாதி உண்மை சொல்வது அதைவிட எளிது.

இங்கே ஒரு தவறான வாதத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். உடல் அழியக்கூடியது, ஆன்மா உடை மாற்றுவதுபோல் உடலை மாற்றுகிறது, ஆகவே நாலு பேருக்கு நன்மை தரும் காரியத்தில் உடலுக்கு நேரும் ஆபத்தைப் பெரிதுபடுத்தலாகாது என்று ஆன்மிக நாட்டமுள்ள சிலர் சொல்லக்கூடும். தத்துவம் சரியானது, அதைச் சொல்லும் இடம்தான் தவறு. தன் உடலைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னால் அது வைராக்கியம். மற்றொருவரின் உடலைப் பற்றிச் சொன்னால் அது கொடுமை. பசித்தவனிடம் வேதாந்தம் பேசுவதைச் சுவாமி விவேகானந்தர் ஏன் கண்டித்தார் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். தியாகத்தைப் புகழ்ந்து சம்மதம் பெறும் மருத்துவர், நோயாளியின் தியாகத்தை அது பிறக்கும் முன்பே களவாடிவிடுகிறார்.

இதய வால்வுக்கென்று தனியாக ஒரு கடினமும் உண்டு. மருந்து ஆய்வில் சேர்ந்தவர் வேண்டாமென்று தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு விலகிக்கொள்ளலாம். எந்த ஆய்விலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, ஹெல்சிங்கி பிரகடனம் 1964-இல் வெளிவந்த நாளிலிருந்து வலியுறுத்தப்படும் உரிமை. ஆனால் இதயத்தில் தைக்கப்பட்ட வால்வை வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க முடியாது. ஆய்வுக்குத் தகவல் தருவதை நிறுத்தலாம். வால்வு உள்ளேயே இருக்கும். அதோடு, இயந்திர வால்வு உள்ளவர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தக் கட்டி. கூடினால் ரத்தக் கசிவு. பெண்ணாக இருந்தால், அந்த மாத்திரை கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதையும் முன்னரே எண்ண வேண்டும். ஆகவே இந்தச் சம்மதம் அக்கினி சாட்சியாகச் செய்யும் சங்கல்பம் போன்றது. திரும்பிச் செல்லும் வழி இல்லை. அப்படிப்பட்ட ஒன்றைக் கேட்பவர், கேட்கும் முன் எத்தனை நேரம் செலவிட வேண்டும்!

அச்சம் வெறும் கற்பனை அல்ல. பியோர்க்-ஷைலி என்னும் வெளிநாட்டு வால்வின் ஒரு வடிவம், தகட்டைத் தாங்கிய கம்பி முறிந்து பலரைப் பலிகொண்டது. 1986-இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்குள் பல ஆயிரம் பேரின் இதயங்களில் அது தைக்கப்பட்டிருந்தது. அவர்கள் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணியபடி வாழ நேர்ந்தது.

அப்படியானால் எந்த ஏழையையும் ஆய்வில் சேர்க்கலாகாது என்று முடிவு செய்துவிடலாமா? அதுவும் நியாயமல்ல. பணமில்லாதவனுக்கு முடிவெடுக்கும் தகுதியும் இல்லை என்று சொல்வதில் கருணையின் வேடமிட்ட அலட்சியம் இருக்கிறது. பார்க்க வேண்டியது வேறொன்று: ஆபத்தை ஏற்றவர்களும் பலனை அனுபவிப்பவர்களும் யார்? ஏழையின் உடலில் சோதித்துச் செல்வந்தருக்கு விற்கப்படும் பொருளென்றால் அது சுரண்டல். சித்ரா வால்வின் வரலாற்றில், எந்த வகை நோயாளிகள் ஆபத்தை ஏற்றார்களோ அதே வகை நோயாளிகளுக்கே வால்வு சென்று சேர்ந்தது. தறிக்காரரின் துணிவு இன்னொரு தறிக்காரருக்கு உதவிற்று.

கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதாமல், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவருக்குக் கொடுப்பது சாத்விகம். இந்த அளவுகோலின்படி நோயாளியின் செயல் கலப்பானது. பிழைக்க வேண்டும் என்ற ஆசை அதில் நிச்சயம் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து, மூச்சு சீராகி, தறியில் மீண்டும் அமர்ந்த பிறகு நடப்பதைக் கவனிக்க வேண்டும். குறித்த நாளில் வேலையை விட்டு, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு அவர் திரும்புகிறார். ஆண்டுக்கணக்காக. அந்தப் பரிசோதனையில் அவருக்கும் பயன் உண்டுதான். ஆயினும் அவர் தருகின்ற விவரம் அவருக்காக மட்டும் அல்ல. இன்னும் பிறக்காத ஒருவருக்காகவும்தான். அவர் வராமல் நின்றுவிட்டால் ஆய்வுப் பதிவில் ஒரு வெற்றிடம் விழும். அங்கே நன்மை இருந்ததா தீமை இருந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. மேடையில் எவரும் போற்றாத அந்த மருத்துவமனைப் பயணங்களில்தான் ததீசியின் சாயல் சற்றே தெரிகிறது. அறுவை மேசையில் அவர் கொடுக்கவில்லை, பெற்றார். கொடுத்தது அதன் பின்னர்.

இந்தியாவில் மருத்துவக் கருவிகளுக்கான விதிகள் 2017-இல் இயற்றப்பட்டன. இன்று ஆய்வு தொடங்கும் முன் அறநெறிக் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். அக்குழுவில் மருத்துவர் அல்லாத சாமானியர் ஒருவரும் அமர்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் பெறும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் சட்டம் தாளில் கையெழுத்தைத்தான் காண முடியும். எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டாரா என்பதை மருத்துவரின் மனச்சாட்சி ஒன்றே அறியும்.

அதை அறிய எளிய வழி, நோயாளியைக் கேள்வி கேட்க விடுவது. தறிக்காரர் பெரிதாக எதுவும் கேட்கமாட்டார். தயங்கித் தயங்கி, "இதற்கு முன்னால் எத்தனை பேருக்கு இதை வைத்திருக்கிறீர்கள், டாக்டர்?" என்பார். 306-ஆவது நோயாளி அப்படிக் கேட்டிருந்தால், முன்னூற்றைந்து பேருக்கு என்று சொல்லி, அவர்களில் எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள், எத்தனை பேர் இல்லை என்பதையும் மருத்துவர் சொல்லியிருக்கலாம். 1990 டிசம்பரில் முதல் நோயாளி கேட்டிருந்தால் சொல்லக்கூடிய விடை ஒன்றே ஒன்று: ஒருவருக்கும் இல்லை.