பாதி உருண்டை

மதுரையில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. செய்துகொண்டதில் அவருக்கு வருத்தம் துளியும் கிடையாது. மனதில் உறுத்திக்கொண்டே இருப்பது பெரியம்மா வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம்.

வத்தக்குழம்புச் சோற்றை நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, எல்லோர் கையிலும் ஒவ்வோர் உருண்டையாக வைத்துக்கொண்டே வந்தார் பெரியம்மா. ஆசிரியையால் பாதிதான் சாப்பிட முடிந்தது. மீதி உள்ளங்கையிலேயே இருந்தது.

"ஏன்டி, பிடிக்கலையா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த மிச்சத்தை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கைக்கு நகர்ந்துவிட்டார். எச்சில் பட்ட டம்ளரைத் தொடக்கூட மாட்டாத பெரியம்மா!

கோபமா? சோறு வீணாகக் கூடாதென்ற பழக்கமா? இல்லை, புரிந்துகொண்டுதான் செய்தாரா?

ஆசிரியைக்கு நடந்தது 'ஸ்லீவ்' அறுவை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குறுகலான குழாய் போலத் தைத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டி எடுக்கும் பகுதியில்தான். 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கோஜிமாவும் கங்காவாவும் இந்த ஹார்மோனைக் கண்டறிந்து அறிவித்தார்கள். ஆக, வயிறு சிறுத்துப்போவதோடு பசியும் அடங்கிப்போகிறது. முட்டை, மீன், பருப்பு என்று புரதம் முதலில், நாளைக்கு 60 கிராமாவது. இடமிருந்தால் கடைசியில் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. இவற்றுக்கெல்லாம் அவர் பழகிக்கொண்டார்.

அந்தப் பாதி உருண்டைக்குத்தான் பழக முடியவில்லை.

சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டு மொட்டைமாடி நிறையப் பிள்ளைகள் உட்காரும். ஒருத்தி நன்றாகப் பாடுவாள், ஒருத்தன் வகுப்பில் முதல் மாணவன். இவருக்கென்று அப்படி எதுவும் இல்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் நீண்டிருக்கும் கை இவருடையது. "என் சமையலோட ருசி இவளுக்குத்தான் தெரியும்" என்பார் பெரியம்மா. அந்த வீட்டில் இவருக்கு ஓர் இடம் கிடைத்தது அந்தப் பசியால். பிறகு அதே பசிக்காகத்தான் ஊரே இவரைக் கேலி செய்தது.

மணிமேகலையில் வரும் காயசண்டிகையைப் பள்ளியில் படித்தது இவருக்குப் பாதிதான் நினைவிருந்தது. முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசிக்கு ஆளானவள். அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவால் பசி தீர்ந்தவள். அதற்கப்புறம் அவள் என்ன ஆனாள்? எடுத்துப் பார்த்தபோது அதிர்ந்துபோனார். பசி தீர்ந்து வான்வழியே ஊர் திரும்பும் காயசண்டிகை, விந்திய மலையைக் கடக்கும்போது அதைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றுக்குள் போய்விடுகிறாள். அவள் கணவன் காஞ்சனனோ, அவளுடைய உருவில் இருந்த மணிமேகலையை மனைவியென்றே நம்பிப் பின்தொடர்கிறான். பசி போன பிறகுதான் அந்தக் கதையில் அத்தனை சிக்கலும்.

காப்பியத்தை வாழ்க்கையோடு இப்படி முடிச்சுப் போடுவது சரியா என்று கேட்கலாம். ஆனால் உடம்பு மாறும்போது உறவும் அசைகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2018இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களில் ஏற்கெனவே துணையோடு இருந்தவர்கள் பிரிவது, செய்துகொள்ளாதவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. தனியாக இருந்தவர்கள் துணை தேடிக்கொண்டதும் கூடுதல்தான். பெரியம்மாக்களைப் பற்றி அந்த ஆய்வு கேட்கவில்லை.

இப்போது சில நாட்களாக, மாலையில் பள்ளி விட்டதும் ஆசிரியைக்கு லேசாகப் பசிக்கிறது. பலருக்கும் காலப்போக்கில் பசி திரும்புவதுண்டு. மருத்துவரிடம் சொல்லியாக வேண்டிய செய்திதான். முதல் தடவை அதை உணர்ந்தபோது அவருக்குப் பயம் வந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இரண்டில் எதை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.