ஜாக்கியும் நம்பிக்கையும்

"கடவுள் மேல பாரத்தைப் போட்டுட்டு உள்ள போங்க மாமா, ஸ்டாண்டு எதுக்கு?" என்றான் தங்கை மகன். ஆயுத பூஜைக்கு என் டிராலி ஜாக்கிக்கும் பொட்டு வைக்கிறவன் நான். ஆனாலும் தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு இல்லாமல் அதன் அடியில் படுக்க மாட்டேன்.

ஜாக்கி வண்டியைத் தூக்குவது அடைபட்ட எண்ணெயின் அழுத்தத்தால். அந்த அழுத்த விதியைச் சொன்ன பாஸ்கல்தான், கடவுள் உண்டென்றே பந்தயம் கட்டச் சொன்னவரும். அவர் 1662இல் இறந்த பிறகே இரண்டும் நூலாக அச்சேறின. போவது கொஞ்சம், கிடைப்பதோ அளவில்லாதது என்பது அவர் வாதம். பக்தியில் இந்த லாபக் கணக்கு எனக்கு ஒட்டவில்லை. அன்பு அப்படிப் பிறப்பதில்லை. வண்டிக்கு அடியில் மட்டும் அந்தக் கணக்கை அப்படியே ஏற்கிறேன்.

ஜாக்கிக்குள் ஒரு ரப்பர் சீல் தேய்ந்தால் போதும், எண்ணெய் கசிந்து வண்டி இறங்கும். ஸ்டாண்டில் இரும்புப் பல்லில் இரும்பே உட்காருகிறது. வாங்கும்போது அகலமான அடிப்பாகத்தையும், குறுக்கே செருகும் பாதுகாப்புப் பின்னையும் பார்ப்பேன். சமமான காங்கிரீட் தரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்த பிறகே படுப்பேன். தங்கை மகன் இதைச் சந்தேகம் என்கிறான். கடவுள் தந்த உயிருக்கு நான் செய்யும் மரியாதை இது; பிரார்த்தனையைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன்.