எனக்கென்ன தெரியும் என்று இன்னும் எத்தனை நாள்?

சபைக்குப் புதிதாக ஓர் ஐயர் வருகிறார், கூடவே ஓர் உபதேசியாரும். வாசலில் மாலை, பொன்னாடை, செல்போனில் நாலு படம். அடுத்த ஞாயிறு நீ வழக்கம்போலக் கடைசி வரிசை, தூண் ஓரம். இதற்குப் பெயர் வரவேற்பா? ‘ஆள் வந்தாச்சு, இனி எல்லாம் அவர் பாடு’ என்று கைகழுவுவதல்லவா இது!

1706 ஜூலை 9. தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு. டேனிஷ் கோட்டைத் தளபதி முகம் கொடுக்கவில்லை. பிறகு பிடித்து நான்கு மாதம் சிறையிலும் போட்டார். புதிதாக வந்த அந்த மனிதரைக் கைதூக்கி விட்டவர் ஒரு வயதான தமிழ் வாத்தியார். தன் பள்ளிக்கூடத்தையே அவர் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். பொடிப்பிள்ளைகளோடு சம்மணமிட்டு, மணலில் விரலால் எழுத்துப் பழகினார் ஜெர்மன்காரர். ஒன்பதே ஆண்டில், 1715-இல், தமிழில் புதிய ஏற்பாடு முழுதாக அச்சேறிவிட்டது. அந்த வாத்தியார் சபையில் சேர்ந்தவர்கூட இல்லை. தனக்குத் தெரிந்ததைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இன்னொருவரைச் சொல்கிறேன். ராஜநாயக்கன். தஞ்சை மன்னர் படையில் சேர்வைக்காரர், அதாவது படை அதிகாரி. அச்சான தமிழ் வேதப் புத்தகத்தைத் தானே படித்து, தானே தரங்கம்பாடிக்குத் தேடி வந்தவர். வெள்ளைக்காரப் போதகர்கள் தஞ்சை நாட்டுக்குள் இஷ்டம்போல் கால்வைக்க முடியாத காலம் அது. ஊர் ஊராக நடந்து சபைகளைக் கட்டியது இந்தப் படைக்காரர்தான். ஆனால் பறையர் குலத்தவர் என்பதால் அவருக்குக் குருப்பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. மேல்சாதியார் ஏற்கமாட்டார்கள் என்று மிஷனெரிகள் பயந்தார்கள். வெட்கக்கேடு! நம் சபை வரலாற்றில் இதை மூடிவைக்காமல் உரக்கப் படிக்க வேண்டும். அங்கி தராதவர்களால் அவர் ஊழியத்தைத் தடுக்க முடிந்ததா? உபதேசியாராகவே பல்லாண்டு உழைத்தார். உன்னை எந்த அங்கி தடுக்கிறது?

ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் ஆசாரியரே என்று 1520-இல் எழுதிவைத்தார் லுத்தர். அவர் பெயரைச் சபைப் பலகையில் எழுதிவிட்டு, ‘நான் சாதாரண விசுவாசிதானே’ என்று நழுவுவது என்ன நியாயம்?

பொட்டிப்புரத்திலிருந்து வரும் தம்பியே, தங்கச்சியே, உங்களிடம்தான் கேட்கிறேன். அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் என்றபோது விஞ்ஞானிகளையே நேருக்கு நேர் கேள்வி கேட்ட ஊர் உங்களுடையது. தண்ணீர் என்னாகும், மேய்ச்சல் என்னாகும் என்று எழுந்து கேட்ட வாய், ஆராதனையில் நிருப வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால் மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது? திக்கினால் திக்கட்டும்! நாலு வாரம் திக்கி வாசித்தால் ஐந்தாம் வாரம் தானாக வரும்.

‘படிக்காத நான் என்ன செய்ய’ என்கிறாயா அக்கா? விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பேறி, மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவள் நீ. ஜீப்பில் இன்று யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. இறையியல் கல்லூரியில் இதைச் சொல்லித்தர ஆளே கிடையாது. புது ஐயர் பாஷை தெரிந்தவர், ஊர் தெரியாதவர். அவர் கையிலிருக்கும் சபைப் பதிவேட்டில் பெயர்தான் இருக்கும், பாடு இருக்காது. நீ கூட நடந்து கதவைத் தட்டினால்தான் அந்த வீடு அவருக்குத் திறக்கும்.

ஆகவே இந்த ஞாயிறு ஆசீர்வாதம் முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடாதே. நேரே ஐயரிடம் போ. ‘ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பு எனக்குக் கொடுங்க’ என்று கேள். ‘புதன்கிழமை சாயங்காலம் எங்க தெருவுக்கு நானே கூட்டிப் போறேன்’ என்று நேரம் சொல். பாட வருமா, கணக்கு எழுத வருமா, ஒயர் வேலை தெரியுமா, அதைச் சொல். உபதேசியார் குடியேறும் வீட்டில் பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பொன்னாடைக்குப் பிரித்த காசில் ஒரு கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுங்கள்.