நெடிய வாழ்வும் நேரிய வாழ்வும்

நீண்ட நாள் வாழவேண்டும், நோயின்றி வாழவேண்டும் என விரும்புவது இறைநம்பிக்கைக்கு முரணானதா? நிலைவாழ்வை எதிர்நோக்கும் கிறிஸ்தவர் அழியும் உடலைக் குறித்து இத்துணை அக்கறை கொள்ளலாமா? இவ்வினாவிற்கு நம்மிடையே இரு வகையினர் தம் வாழ்வால் விடை தருகின்றனர். "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சர்க்கரை நோய்க்கான மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவோர் ஒரு வகையினர். இன்று ஒரு பொடி, நாளை ஒரு கஞ்சி, மறுநாள் ஒரு புதிய பட்டினி முறை என்று ஓயாமல் தேடி அலைவோர் மற்றொரு வகையினர். முன்னவர் உடலை மதிப்பதில்லை. பின்னவர் உடலையன்றி வேறெதையும் மதிப்பதில்லை எனத் தோன்றும். எனினும் இருவரிடமும் பொதுவான குறை ஒன்று உண்டு. எது உண்மை என்று இருவருமே விசாரிப்பதில்லை. உடல்நலம் பற்றிய அறநெறிக் கேள்வி உண்மை பற்றிய கேள்வியாகவும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கடமையும் எல்லையும்

திருநூல் நெடுவாழ்வை இழித்துப் பேசுவதில்லை. தாய் தந்தையை மதிப்போர்க்கு அது ஆசியாகவே வாக்களிக்கப்படுகிறது. சாகும் தறுவாயில் கண்ணீர்விட்டு மன்றாடிய எசேக்கியா அரசருக்கு ஆண்டவர் மேலும் 15 ஆண்டுகளை அருளினார். அந்நிகழ்ச்சியில் நாம் கவனியாது கடந்துபோகும் சிறு செய்தி ஒன்றுண்டு. அரசரின் புண்மீது அத்திப்பழ அடையை வைக்குமாறு இறைவாக்கினர் எசாயா பணிக்கிறார். வேண்டுதலும் கேட்கப்பட்டது; மருந்தும் இடப்பட்டது. ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை. சீராக்கின் ஞான நூலும் தன் 38ஆம் அதிகாரத்தில் மருத்துவருக்கு உரிய மதிப்பை அளிக்கச் சொல்கிறது. மருந்தையும் படைத்தவரின் கொடையாகவே காண்கிறது.

அதே திருநூல் மறுபக்கத்தையும் காட்டத் தவறவில்லை. களஞ்சியங்களைப் பெரிதாக்கிக் கட்டத் திட்டமிட்ட செல்வன், வரவிருக்கும் ஆண்டுகளைத் தன் கையிருப்பாகவே கருதினான். அவன் பிழை நாளையைத் திட்டமிட்டதில் இல்லை; நாளை தன்னுடையது என்று எண்ணியதில் இருந்தது.

1992ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இவ்விரு உண்மைகளையும் இணைத்தே கற்பிக்கிறது. உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மை நம்பி ஒப்படைத்த கொடைகள். அவற்றை அறிவோடு பேணுவது ஐந்தாம் கட்டளையின்பாற்பட்ட கடமை. ஆனால் உடலை வழிபாட்டுப் பொருளாக்குவது தவறு. உணவு, மது, புகையிலை ஆகியவற்றில் மட்டுமன்றி மருந்திலும் மிகைமையைத் தவிர்க்குமாறு அந்நூல் அறிவுறுத்துகிறது. 16ஆம் நூற்றாண்டில் சாலமான்காவில் கற்பித்த டொமினிக்கன் சபை இறையியலார் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா இதே எல்லையைத் தெளிவாக வரைந்தார். உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாள வேண்டும். ஆனால் ஆயுளை நீட்டும் என்பதற்காக விலையுயர்ந்த, அரிய உணவுகளையே உண்ணவோ, உடல்நலத்திற்கு மிகவும் உகந்த ஊரைத் தேடிக் குடியேறவோ எவரும் கடமைப்பட்டவரல்லர் என்றார் அவர். ஏழைகளின் மனச்சான்றுக்கு ஆறுதல் தரும் படிப்பினை இது.

தெளிவாக அறிந்தவை

அவ்வாறாயின், வழக்கமான வழிகள் எவை? கடந்த முக்கால் நூற்றாண்டில் மருத்துவ ஆய்வு இதில் நமக்குப் போதிய வெளிச்சம் தந்துள்ளது. பிரிட்டனில் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1951இல் மருத்துவர்களுக்கே கடிதம் எழுதி, அவர்தம் புகைக்கும் பழக்கத்தைக் கேட்டறிந்தனர். அவ்வாறு விடையளித்தோரில் 34,439 ஆண் மருத்துவர்களின் வாழ்வும் சாவும் 50 ஆண்டுகள் தொடர்ந்து குறிக்கப்பட்டன. 2004இல் வெளியான முடிவு இது: விடாது புகைத்தோர் புகைக்காதோரைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னரே இறந்தனர். 60 வயதில் நிறுத்தியவர் 3 ஆண்டுகளையும், 50இல் நிறுத்தியவர் 6 ஆண்டுகளையும், 40இல் நிறுத்தியவர் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். 30இல் நிறுத்தியவர் ஏறத்தாழ முழு இழப்பையும் தவிர்த்தார். மனம் திரும்புதற்குக் காலம் கடந்துவிடவில்லை என்று நாம் மறையுரையில் கூறுவது இங்கே எண்களில் எழுதப்பட்டிருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துத் துறவற இல்லங்களைச் சேர்ந்த 11,000க்கும் மேற்பட்ட துறவியர், கன்னியரின் ஆயுளை மார்க் லூய் என்னும் மக்கள்தொகையியல் அறிஞர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். பொதுமக்களிடையே பெண்கள் ஆண்களைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்கின்றனர். துறவற இல்லங்களிலோ அவ்வேறுபாடு ஏறத்தாழ ஓராண்டாகச் சுருங்கியிருந்தது. கன்னியர் மற்றப் பெண்களைப் போன்றே வாழ்ந்தனர். துறவியர்தாம் வெளியுலக ஆண்களைவிட நெடுநாள் வாழ்ந்தனர். துறவு வாழ்வைத் தேர்ந்துகொள்வோர் தொடக்கத்திலேயே மற்றவர்களிடமிருந்து சற்று வேறுபட்டவர்களாக இருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஆண்களின் ஆயுள் குறைவில் பெரும்பகுதி பிறப்பால் அன்று, வாழும் முறையால் விளைவது என்பதற்கு இது வலுவான சான்று. அவ்வில்லங்களில் எந்த அரிய மூலிகையும் இல்லை. நேரத்திற்கு எழுதல், நேரத்திற்கு உண்ணல், உழைப்பு, செபம், உறக்கம், கூட்டு வாழ்வு ஆகியவையே இருந்தன.

மற்றவையும் இவ்வாறே எளியவை. வாரத்திற்கு 150 நிமிடங்களாவது உடல் அசையுமாறு நடக்கவேண்டும்; உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடக்கவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். மதுவில் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்றும் அந்நிறுவனம் 2023இல் தெளிவாக்கியது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்ப்பது, மருத்துவர் தந்த மாத்திரையை விடாமல் உண்பது, தடுப்பூசிகளை உரிய காலத்தில் போட்டுக்கொள்வது ஆகியவற்றோடு பட்டியல் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது.

நம் முன்னோர் சின்னக் குறிப்பிடத்தில் மனப்பாடம் செய்த தலையான பாவங்களில் போசனப்பிரியமும் சோம்பலும் இடம்பெற்றன. அவற்றிற்கு எதிரான புண்ணியங்களாக மட்டசனமும் சுறுசுறுப்பும் கற்பிக்கப்பட்டன. வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறினை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். அறிவியல் இன்று அளந்து காட்டுவதை அறம் முன்பே ஓரளவு அறிந்திருந்தது.

ஆரவாரத்தின் கவர்ச்சி

இவ்வளவு எளிதாயின், மக்கள் ஏன் வேறு வழிகளைத் தேடுகின்றனர்? இந்த எளிய வழிகள் நம் விருப்பத்தைத் திருத்தும்படி கேட்கின்றன. விற்கப்படும் பொடியோ பணத்தை மட்டுமே கேட்கிறது. திருந்துவதைவிட வாங்குவது எளிது.

நல்ல அறிவுரையும்கூட ஆரவாரத்தின் துணையை நாடிய வரலாறு உண்டு. இத்தாலியின் பதுவை நகரில் வாழ்ந்த வெனிசு நாட்டுச் செல்வர் லூயிஜி கொர்னாரோ, மிகையுணவால் நோயுற்றுப் பின் மிதவுணவால் நலம்பெற்றவர். நாளொன்றுக்கு 12 அவுன்சு உணவும் 14 அவுன்சு திராட்சை இரசமும் மட்டுமே தம் அளவு என்று எழுதிய அவரது நூல் 1558இல் வெளிவந்து ஐரோப்பா எங்கும் பரவியது. லூவேன் நகரில் கற்பித்த இயேசு சபை இறையியலார் லெயோனார்டு லெசியுசு அதை இலத்தீனில் மொழிபெயர்த்து, உடல்நலம் பற்றிய தம் நூலுடன் சேர்த்து 1613இல் வெளியிட்டார். கொர்னாரோ 1566இல் இறந்தபோது அவருக்கு 98 வயது என்பர் சிலர். 100 என்பர், 102 என்பர் வேறு சிலர். அவர் பிறந்த ஆண்டு பற்றிய சான்றுகளோ ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அவர் தம் வயதை உயர்த்திக் கூறினார் என்றே பிற்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மிதவுணவு நல்லதே, அதற்கு ஏற்றிச் சொல்லப்பட்ட வயது தேவையில்லை. லெசியுசு தந்த அளவுகோல் இன்னும் நேர்மையானது. உணவுக்குப் பின் மனம் செபத்திற்கும் படிப்பிற்கும் தகுதியற்றுப் போகுமாயின் நீ அளவு மீறிவிட்டாய் என்றார் அவர். மிதமாக உண்ட அவர் 68ஆம் வயதில் இறந்தார். அதனால் அவரது அறிவுரை பொய்யாகிவிடவில்லை.

நியாயமாகத் தோன்றுவதும் சோதிக்கப்படும்போது பொய்க்கக்கூடும். காய்கனிகளை மிகுதியாக உண்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்ட அறிஞர்கள், அவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்தே காரணமாகலாம் எனக் கருதினர். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு அம்மாத்திரையும் சிலருக்கு வெற்று மாத்திரையும் தந்து பார்த்தனர். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த அதையொத்த ஆய்வும் அவ்வாறே தீங்கு காட்டியதால் 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. நல்லெண்ணமும் படிப்பும் உள்ளவர்களின் ஊகமே இவ்வாறு தவறக்கூடுமாயின், தெருமுனை விளம்பரத்தின் வாக்குறுதியை என்னென்பது?

சாட்சியமும் சான்றும்

"நான் உண்டேன், நலமானேன்" என்பதே ஆரவாரத்தின் முதன்மையான ஆயுதம். சாட்சியம் கேட்டுப் பழகிய நம் மக்கள் இதற்கு எளிதில் உருகிவிடுகின்றனர். சொல்பவர் பொய்யரல்லர், ஆனால் அவர் கூறும் காரணம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல நோய்கள் தாமே தணிகின்றன. பொடியுடன் மருத்துவர் தந்த மாத்திரையும் உட்சென்றிருக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, அதே பொடியை உண்டு இறந்தவர் சாட்சியம் சொல்ல வருவதில்லை.

இங்கே திருச்சபையின் நடைமுறையே நமக்கு ஆசிரியராகலாம். லூர்து நகரில் நலம்பெற்றதாகக் கூறுவோரை விசாரிக்க 1883 முதலே மருத்துவ அலுவலகம் ஒன்று இயங்கி வருகிறது. நம்பிக்கையற்ற மருத்துவர்களும் அங்கே ஆவணங்களைப் பார்க்கலாம். முன்பிருந்த நோய் உறுதிசெய்யப்பட்டதா, நலம் நிலைத்ததா, மருந்து காரணமாகுமா என்றெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆராய்கின்றனர். இதுவரை 7,000க்கும் மேற்பட்ட நலம்பெறுதல்கள் அறிவிக்கப்பட்டும், ஆயர்களால் புதுமைகள் என ஏற்கப்பட்டவை 70ஐச் சற்றே கடந்துள்ளன. அன்னையின் திருத்தலத்திலேயே இத்துணைக் கண்டிப்பைக் காட்டும் திருச்சபையின் பிள்ளைகள், பெயர் தெரியாத ஒரு புட்டியின் மீது ஒட்டப்பட்ட சொற்களை விசாரணையின்றி நம்புவது முறையாகுமா?

இது அறிவு பற்றியது மட்டுமன்று. பாவம் பற்றியதும் ஆகும். இந்தியாவில் சர்க்கரை நோயுற்றோர் ஏறத்தாழ 10.1 கோடி என 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இந்நோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமே தடைசெய்கிறது. எனினும் விளம்பரம் ஓயவில்லை. நோயில்பூசுதலுக்காக வீடு வீடாகச் செல்லும் குருக்கள் அதன் விளைவைக் காண்கின்றனர். இன்சுலினை நிறுத்திவிட்டுக் கசாயத்தை நம்பியவரின் அழுகிய கால், அக்காலோடு பறிபோன கூலி, அடகுக்குப் போன நகை. விற்றவர் அங்கே இருப்பதில்லை. கைப்பேசியில் வந்த செய்தியை விசாரியாமல் பத்துப் பேருக்கு அனுப்பி, அந்த வீட்டிற்கும் அனுப்பிவைத்த உறவினர் இருப்பார், அவர் நல்லவர்தாம். ஆனால் அறியாததை அறிந்ததுபோல் சொல்வது எட்டாம் கட்டளையைத் தொடுகிறது. அதனால் உயிருக்குக் கேடு வருமாயின் ஐந்தாம் கட்டளையையும் தொடுகிறது. குணமளிக்கும் வழிபாடுகளில் மருந்தைக் கைவிடத் தூண்டுவோர்க்கும் இது பொருந்தும். இத்தகைய செபங்கள் பற்றி 2000ஆம் ஆண்டில் உரோமை வெளியிட்ட அறிவுரை, செபம் மருத்துவத்தை விலக்குவதில்லை, மாறாக ஊக்குவிக்கிறது என்றே கூறுகிறது.

நலத்தின் நோக்கம்

இன்னொரு தவறையும் விலக்கவேண்டும். நல்ல பழக்கங்கள் நோயின் வாய்ப்பைக் குறைக்கின்றன. நோயற்ற வாழ்வுக்கு உறுதிச்சீட்டு தருவதில்லை. ஆகவே நோயுற்றவரை நோக்கி, "ஒழுங்காக வாழ்ந்திருந்தால் வந்திருக்குமா?" என்று கேட்பது, பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு "யார் செய்த பாவம்?" என்று கேட்டதை ஒத்தது. ஆண்டவர் அக்கேள்வியை ஏற்கவில்லை. கல்லுடைக்கும் தூசியைச் சுவாசிப்பவரிடமும் இரவெல்லாம் ஆலையில் விழித்திருப்பவரிடமும் காலை நடையையும் எட்டு மணி உறக்கத்தையும் போதிப்பது எளிது. அவருக்கு நியாயமான கூலியும் ஓய்வும் தூய காற்றும் கிடைக்கச் செய்வதும் உடல்நலப் பணியே.

ஆயுளின் நீளம் வாழ்வின் அளவுகோல் அன்று. குழந்தை இயேசுவின் புனித தெரேசா 24 வயதில் இறந்தார். புனித ஞானப்பிரகாசியார் உரோமையில் கொள்ளைநோயுற்றோர்க்குப் பணிசெய்து, அதனாலேயே நோய்கண்டு 1591இல் தம் 23ஆம் வயதில் உயிர்நீத்தார். உடல்நலமே உச்ச மதிப்பாக இருந்தால் அவர் அந்நோயாளிகளை விட்டு விலகியிருப்பார். உடலைப் பேணுவது, அன்பு கேட்கும்போது கொடுப்பதற்கு நம்மிடம் ஏதேனும் இருக்கவேண்டும் என்பதற்காகவே.

நம் பங்குகளில் செய்யக்கூடியவை பல. ஞாயிறு திருப்பலிக்குப் பின் மாதம் ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். திருவிழா விருந்தில் மதுவை அறவே விலக்கலாம். அன்பியக் கூட்டத்தில் புதிய மருந்துச் செய்தி வந்தால், "இதை யார் சோதித்தார்? யாருக்கு இதனால் ஆதாயம்? மருத்துவரைக் கேட்டோமா?" என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கும் வழக்கத்தை உண்டாக்கலாம். தனித்து வாழும் முதியவர் வீட்டிற்கு நடந்தே சென்று, அவர் மாத்திரை உண்டாரா என்று விசாரித்து வரலாம்; அந்நடை இருவருக்கும் நலம் தரும். நமக்கு அருளப்படும் நாள்கள் எத்தனை என்பது நம் கையில் இல்லை. அவற்றை உண்மையோடும் அளவோடும் அன்போடும் செலவிடுவது நம் கையில் இருக்கிறது.