ராஸ்ப்பெர்ரி சொல்வது பொய்யா?

அமெரிக்காவின் டெலவேரில் டாக்ஃபிஷ் ஹெட் காய்ச்சிய ‘ஃபோர்ட்’ பியரில் ஆல்கஹால் ஏறத்தாழ 18 சதவீதம். சாதாரண பியரில் அது 5 வாக்கில்தான். ஆனா முதல் மடக்கில் முந்திக்கொண்டு வருவது ராஸ்ப்பெர்ரி. அப்போ பழம் பொய் சொல்கிறதா? அவசரப்பட வேண்டாம். மால்ட்டின் சர்க்கரையோடு பழத்தின் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்றுதான் அந்த ஆல்கஹால் வந்தது. மறைப்பதிலும் மறைந்திருப்பதிலும் பழம் இருக்கு.

லேபிளில் எண்ணைப் போட்டாச்சு, இனி குடிப்பவர் பாடு என்று கைகழுவலாம். எனக்கு அது போதவில்லை. கண் எண்ணை ஒருமுறை படிக்கும். நாக்கோ ஒவ்வொரு மடக்கிலும் ‘ஜூஸ்தான்பா’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கசந்தால் கை தானாக மெதுவாகும். அந்த வேகத்தடையை எடுத்தவருக்கும் இதில் பங்கு உண்டு. இத்தகைய பியரைச் சின்னக் கிளாசில் ஊற்றுவது வெறும் ஸ்டைலுக்காக இல்லை.